எந்தக் காரம் மக்கா? சலவைச் சோடா தகராறு செய்யும்போது பார்க்க வேண்டியவை

"அண்ணாச்சி, கால் கிலோ காரம் தாங்க."

திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் பலசரக்குக் கடைக்கு இப்படிக் கேட்டு ஆள் வராத நாள் கிடையாது. "எந்தக் காரம் மக்கா?" என்று நான் கேட்பேன். "காரம்னா காரம்தானே" என்பார்கள். தொல்லை அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாங்கிப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள், துணி வெளுக்கவில்லை, நுரை வரவில்லை, சட்டி கறுத்துவிட்டது, அப்பம் வாயில் வைக்க முடியவில்லை என்று. சோடா கெட்டுப்போவது அபூர்வம். கையில் இருப்பது எந்தச் சோடா, அது கல்லா பொடியா, எந்தத் தண்ணீரில் விழுகிறது, இந்த மூன்றையும் பார்த்தால் முக்கால்வாசிப் பிழை பிடிபட்டுவிடும். கடையில் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம். சோடியம் கார்பனேட் என்பதுதான் சலவைச் சோடா, வியாபாரத்தில் சோடா சாம்பல். சோடியம் பைகார்பனேட் என்பது ஆப்பச்சோடா, சமையல் சோடா. சோடியம் ஹைட்ராக்சைடு என்பது காஸ்டிக் சோடா. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை மலையாளப் பகுதியோடு ஒரே அரசின் கீழ் இருந்தது, அதனால் மலையாளப் பெயர்களும் இங்கே புழங்குகின்றன: சலவைச் சோடாவுக்கு அலக்குகாரம், ஆப்பச்சோடாவுக்கு அப்பக்காரம். அவசரத்தில் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும், சிலர் முன்பாதியை விட்டுவிட்டு 'காரம்' என்று மட்டும் கேட்பார்கள். பப்படக்காரம் என்று விற்பதில் பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்திருக்கும், அதை ஆப்பத்துக்கும் துணிக்கும் மாற்றிப் பயன்படுத்த வேண்டாம்.

"டப்பாவில் இருப்பது எதுவென்று தெரியவில்லை"

பேர் எழுதாத டப்பா எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். நாக்கில் தொட்டுப் பார்க்காதீர்கள். பலர் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்க்கிறார்கள், அதில் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் சலவைச் சோடாவும் பொங்கும், ஆப்பச்சோடாவும் பொங்கும், இரண்டிலிருந்தும் வருவது ஒரே கரியமில வாயுதான்.

பிரித்துக் காட்டுவது வெந்நீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அரை ஸ்பூன் பொடியைப் போடுங்கள். ஆப்பச்சோடா என்றால் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பிச் சீறும், சூட்டில் அது உடைந்து கரியமில வாயுவை விடுகிறது. சலவைச் சோடா என்றால் சத்தமில்லாமல் கரையும். இன்னொரு சோதனை மஞ்சள். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, பச்சைத் தண்ணீரில் கரைத்த சோடாவை ஒரு சொட்டு விடுங்கள். ஆப்பச்சோடாவின் பிஎச் அளவு 8.3 வாக்கில்தான் இருக்கும், காகிதம் லேசாக ஆரஞ்சு அடிக்கும். சலவைச் சோடா 11க்கு மேலே போகும், செங்கல் சிவப்பாக மாறும். இந்த மஞ்சள் காகிதத்தை நாலைந்து துண்டாக வெட்டிப் பத்திரப்படுத்துங்கள், கீழே இன்னொரு இடத்திலும் வேண்டியிருக்கும்.

டப்பாவில் இருப்பது வெள்ளைச் செதிலாக இருந்து, திறந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே வியர்த்ததுபோல் ஈரமாகிப் பிசுபிசுத்தால் அது காஸ்டிக் சோடாவாக இருக்கலாம். அதை வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், கையால் தொடாதீர்கள், மூடிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

"கல்லாக வாங்கினேன், மாவாகிவிட்டது" / "மாவாக வாங்கினேன், கல்லாகிவிட்டது"

இரண்டு புகாரும் ஒரே வாரத்தில் வந்ததுண்டு. சலவைச் சோடாக் கல் என்பது சோடாவும் தண்ணீரும் சேர்ந்த படிகம். ஒரு பங்கு சோடாவோடு பத்துப் பங்கு தண்ணீர் மூலக்கூறு கட்டுண்டு கிடக்கிறது, எடையில் பார்த்தால் 63 சதவீதம் தண்ணீர்தான். ஆரல்வாய்மொழி மாதிரி வறண்ட காற்று ஓயாமல் அடிக்கிற இடத்தில் திறந்து வைத்தால் அந்தத் தண்ணீர் பறந்து கல் பொடியாக உதிரும். பொடியாக வரும் சோடா சாம்பலோ நேர் எதிர். அதில் தண்ணீர் இல்லை, கடற்கரை ஈரத்தையும் மழைக்கால ஈரத்தையும் இழுத்து இறுகிக் கட்டியாகிவிடும். இன்னொன்றும் உண்டு: சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த சோடாக் கல் தானாகக் கசிந்து கூழாவது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, கலப்படமும் இல்லை. 32, 34 டிகிரி சூட்டில் அந்தப் படிகம் தன் சொந்தத் தண்ணீரிலேயே கரைந்து போகும்.

எதுவும் வீணாகவில்லை, சோடா சோடாவாகவே இருக்கிறது. மாறுவது அளவு மட்டும்தான், அதைக் கவனிக்காமல் விடுவதால்தான் மற்ற பிழைகள் வருகின்றன. ஒரு கிலோ பொடியில் இருக்கிற சோடா வேண்டுமென்றால் 2.7 கிலோ கல் வேண்டும். கல்லுக்குச் சொன்ன அளவில் பொடியைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காரம் போய் விழுகிறது, கை எரிகிறது, துணி சொரசொரக்கிறது. பொடிக்குச் சொன்ன அளவில் கல்லைப் போட்டால் ஒன்றும் நடக்காது, "சரக்கு சரியில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். உதிர்ந்த கல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும், அதனால் அதைப் பொடியாகக் கணக்கு வைத்துக் குறைவாகத் தொடங்குங்கள். இறுகிய மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாதான் சரி, அலுமினிய டப்பா கூடவே கூடாது.

கரைக்கும்போது இன்னொரு சிக்கல்: பொடியைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் பாறை மாதிரி உறைந்துவிடும். தண்ணீரை முதலில் எடுத்து, கலக்கிக்கொண்டே பொடியைத் தூவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சோடா அதிகமாகக் கரைவது 35 டிகிரி வாக்கில்தான், அதற்கு மேலே சூடாக்கி விறகை வீணாக்க வேண்டாம்.

"சோப்பு நுரைக்கவில்லை, துணியில் வெள்ளையாகப் படிகிறது"

நம் மாவட்டத்தில் எனக்கு அதிகம் வரும் புகார் இது. நுரை வராததற்குக் காரணம் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும். சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடும். சோடா போட்டால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக அடியில் இறங்கும், பிறகு சோப்பு வேலை செய்யும். இதில் எல்லாரும் செய்யும் தவறு, சோடாவையும் சோப்பையும் துணியையும் ஒரே நேரத்தில் வாளியில் போடுவது. இறங்குகிற சுண்ணாம்பு எங்கே போகும்? துணியில்தான் உட்காரும், கறுப்புப் பாவாடையில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். சோடாவை முதலில் தண்ணீரில் மட்டும் கரைத்து அரைமணி நேரம் விடுங்கள், தெளிந்த தண்ணீரை வேறு வாளிக்கு வடித்து, அதில் சோப்பும் துணியும் போடுங்கள். ஏற்கனவே படிந்திருந்தால் கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டம்ளர் வினிகர் கலந்து நனைத்து எடுங்கள், சுண்ணாம்பு கரைந்துவிடும்.

எவ்வளவு சோடா? கணக்கு எளிது. தண்ணீர் பரிசோதனைத் தாளில் மொத்தக் கடினத்தன்மை என்று ஒரு எண் இருக்கும், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. உங்கள் கிணறு 400 என்று வந்தால், 20 லிட்டர் வாளிக்குச் சோடாப் பொடி எட்டரை கிராம் போதும். கல் என்றால் 23 கிராம். கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுகிறவர்கள் இதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள்.

சரி, மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடலை ஒட்டிய கிணறு, சோடா போட்டும் நுரை வரவில்லை என்றால்? கடல்நீர் உள்ளே ஏறியிருந்தால் அதுதான் காரணம். கடல் தண்ணீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மூன்று மடங்கு எடை அதிகம், மெக்னீசியத்தைச் சலவைச் சோடா கால்சியத்தை இறக்குவதுபோல் சுலபமாக இறக்காது. உப்புச் சுவையையும் சோடா எடுக்காது. எத்தனை முறை சொன்னாலும் சிலர் இன்னும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுப் பார்ப்பார்கள், கைத்தோல் உரிவதுதான் மிச்சம். அந்தத் தண்ணீருக்குச் சோப்புக்கட்டியை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் பொடிக்கு மாறுங்கள், அது கடினத் தண்ணீரில் திரியாது. அல்லது மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வெள்ளைத் துணிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம் கிடைக்கிறது.

"வெள்ளை வேட்டியில் பழுப்புத் திட்டு"

செம்மண், செங்கல்பாறைப் பகுதிக் கிணறுகளில் இரும்பு கரைந்திருக்கும். எடுத்தவுடன் தெளிவாக இருக்கும் தண்ணீர், சோடா விழுந்ததும் இரும்பைத் துருவாகப் பிரித்துத் துணியில் பூசிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் ஊறிப் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள். அடுத்த முறை தண்ணீரை இரவே இறைத்து வைத்துத் தெளிந்த மேல்தண்ணீரை எடுங்கள்.

திட்டாக இல்லாமல், தேய்த்த பிறகு மொத்தத் துணியும் மஞ்சளித்தால் அது வேறு: சோடா சரியாக அலசப்படாமல் நூலில் தங்கி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மஞ்சளாகிறது. இன்னும் இரண்டு தண்ணீர் அலசினால் தீர்ந்தது. மஞ்சள்தூள் கறை சோடா பட்டதும் ரத்தக்கறை மாதிரி சிவந்தால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன காகிதச் சோதனைதான் துணியில் நடக்கிறது, அலசி வெயிலில் போட்டால் சிவப்பும் போய் மஞ்சளும் வெளிறும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் சோடாவே வேண்டாம். அவை புரத நூல், காரம் அவற்றை அரித்துவிடும். பருத்திக்குப் பயமில்லை, பழைய நாளில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்ததெல்லாம் அந்த மண்ணில் பூத்துக் கிடந்த இதே சோடாவின் வலுவில்தான்.

வினிகர் பற்றி இரண்டு இடத்தில் பேச்சு வருவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து.

"சோடா போட்ட பிறகு மீன் வாடை கூடிவிட்டது"

குளச்சலில் இருந்து வந்த ஒரு அக்கா இதைச் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. வீட்டில் செய்து பார்த்தேன், உண்மைதான். மீன் வாடைக்குக் காரணமான பொருளே ஒரு காரம். துணியில் அமிலத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடப்பதை, சோடா என்ற வலுவான காரம் பிடுங்கி வெளியே விடுகிறது, மூக்கில் ஏறுகிறது. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் வினிகர் அல்லது புளிக்கரைசல் (மீன் குழம்பில் புளி சேர்ப்பதும் வாடையை அடக்கும், அதே வேலைதான்). பத்து நிமிடம் ஊறிய பின் நன்றாக அலசி, அதற்குப் பிறகு சோடாவும் சோப்பும் போட்டு மீன் கொழுப்பை எடுங்கள். வெள்ளைத் துணிக்குப் புளி வேண்டாம், கறை பிடிக்கும்.

தேங்காய் எண்ணெய் ஏறிய தலையணை உறைக்கும் ஒரு வார்த்தை. காறல் அடித்த பழைய எண்ணெயைச் சோடா சுலபமாக எடுக்கும், அதில் கொழுப்பு அமிலம் தனியாகப் பிரிந்திருக்கும். புது எண்ணெயை மட்டும் தனியாகச் சோடாவால் எடுக்க முடியாது, சோப்பும் வெந்நீரும் சேர வேண்டும். "யூடியூபில் பார்த்து தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்தேன், மூன்று நாளாகியும் உறையவில்லை" என்று வருகிறவர்களுக்கும் இதுதான் பதில். எண்ணெயைச் சோப்பாக்குவது காஸ்டிக் சோடா, சலவைச் சோடாவுக்கு அந்த வலு கிடையாது. அந்தக் கலவையை எத்தனை நாள் கிண்டினாலும் சோப்பாகாது. கையுறை, கண்ணாடி, சரியான தராசு மூன்றும் இல்லாமல் காஸ்டிக் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

"அலுமினியச் சட்டி கறுத்துக் குழி விழுந்துவிட்டது"

என் அம்மா ஆசையாக வைத்திருந்த பெரிய அலுமினிய அண்டாவை, எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று நானே சோடாத் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கெடுத்தேன். அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைச் சோடா கரைத்துவிடும், அப்புறம் உலோகத்தையே தின்னத் தொடங்கும், குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வரும். போன உலோகம் வராது. புளியோ எலுமிச்சையோ போட்டுக் கொதிக்கவைத்தால் கறுப்பு மட்டும் குறையும். எவர்சில்வர், இரும்பு, மண், பீங்கான் எல்லாவற்றுக்கும் சோடா பாதகமில்லை.

"அப்பம் கசக்கிறது, சோப்பு மாதிரி இருக்கிறது"

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். கசப்பு லேசாக இருந்து, போட்டது ஆப்பச்சோடாதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஆப்பச்சோடா சூட்டில் சலவைச் சோடாவாக மாறும். மாவின் புளிப்பு தின்றது போக மிஞ்சியது அப்படி மாறி, தேங்காய்ப்பாலின் கொழுப்போடு சேர்ந்து சோப்பு ருசி தருகிறது. மாவு நன்றாகப் புளித்திருந்தால் சோடாவே தேவையில்லை. (சலவைச் சோடா தீர்ந்துபோன நாளில் இதையே பயன்படுத்திக்கொள்ளலாம்: ஆப்பச்சோடாவை இரும்புச் சட்டியில் போட்டுக் கிளறி நன்றாக வறுத்தால் 100 கிராம் 63 கிராம் சலவைச் சோடாவாகும்.)

டப்பா மாறி சலவைச் சோடாவே விழுந்திருந்தால் மாவைக் கொட்டிவிடுங்கள், சரிசெய்யப் பார்க்காதீர்கள். மைதா சேர்ந்த மாவு என்றால் மஞ்சளடிப்பதே காட்டிக்கொடுக்கும். கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் 500(ii) என்ற எண் இருந்தால் ஆப்பச்சோடா, 500(i) என்றால் கார்பனேட்.

பிள்ளைகள் யாராவது சோடாவை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உள்ளே போன வழியிலேயே திரும்பவும் தொண்டையைப் புண்ணாக்கும். காரத்துக்கு அமிலம் மருந்து என்று எலுமிச்சையும் கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள், 108ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

"ரப்பர் ஷீட்டில் குமிழ்" / "துருசுக் கலவையில் கத்தி சிவக்கிறது"

மலைப்பக்கத்து ஆட்கள் கேட்பது. ரப்பர் பால் உறையும் முன்பே திரிந்துவிடாமல் இருக்கச் சிலர் சோடா சேர்க்கிறார்கள். அளவு கூடினால், பிறகு ஃபார்மிக் ஆசிட் ஊற்றும்போது சோடாவும் ஆசிட்டும் சேர்ந்து கரியமில வாயு கிளம்பும், அது உறைகிற பாலுக்குள் மாட்டிக் குமிழாக நிற்கும், ஆசிட்டும் கூடுதலாகச் செலவாகும். சோடாவைக் குறையுங்கள்.

துருசு என்கிற மயில்துத்தத்தோடு சுண்ணாம்புக்குப் பதில் சோடா சேர்த்தால் அது பர்கண்டி கலவை, கமுகில் காய் அழுகலுக்கு எதிராக மழைக்கு முன் அடிப்பதற்கு. 100 லிட்டருக்குத் துருசு 1 கிலோ, சோடா 1 கிலோ என்ற அளவு வழக்கத்தில் உண்டு. அது கல்லுக்குப் பொருந்தும். வேதிக் கணக்குப்படி 1 கிலோ துருசுக்குக் கல் 1.15 கிலோ வேண்டும், பொடி என்றால் 425 கிராமே போதும். இது தெரியாமல் பொடியை ஒரு கிலோ கொட்டி இலை கருகியதாகச் சொன்னவர்கள் உண்டு. துருசையும் சோடாவையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு சேருங்கள், இரும்பும் அலுமினியமும் வேண்டாம். துரு இல்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துருசு மிச்சம் நிற்கிறது, சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கத்தி சுத்தமாக வரும்வரை பாருங்கள். முதலில் சொன்ன மஞ்சள் காகிதத்தில் ஒரு சொட்டு வைத்து அது நன்றாகச் சிவந்தால் சோடா கூடிவிட்டது. கலந்ததை அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

அந்த வாளியில் மட்டும் பிறகு ரப்பர் பால் எடுக்காதீர்கள். செம்பு துளி கலந்தாலும் ரப்பர் கெடும், ஷீட் நாள்பட நாள்படப் பிசுபிசுக்கும். வாளியின் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டித் தனியாக வைத்துவிடுங்கள்.